நிறைவைக் குறிக்கும் சொற்கள்: ஆங்கிலக் ‘கம்ப்ளீட்’டும் மலாக்காத் தமிழும்

1. ஓர் அடைமொழி, பல வேலைகள்

ஆங்கிலத்தின் ‘கம்ப்ளீட்’ என்னும் அடைமொழி இலத்தீனிலிருந்து வந்தது. ‘நிரப்பு’ என்று பொருள்படும் ‘பிளேரே’ என்ற வினையடியிலிருந்து ‘நிரப்பப்பட்ட’ என்னும் பொருளில் பிறந்து, பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. கலத்தை நிரப்புதல் என்ற பழைய பொருளிலிருந்து அது நெடுந்தொலைவு வந்துவிட்டது. இன்று அச்சொல் குறைந்தது நான்கு வேலைகளைச் செய்கிறது.

உறுப்புகள் எதுவும் விடுபடாமல் இருப்பதை அது குறிக்கும். ஓர் எழுத்தாளரின் முழுத் தொகுப்பு என்பதில் வரும் ‘முழு’ இந்தப் பொருளுடையது. தொடங்கிய செயல் முடிந்த நிலையையும் குறிக்கும். பாலம் கட்டி முடிந்துவிட்டது என்பது அவ்வகை. மூன்றாவதாக, வெறும் மிகுதியைக் காட்டும். ஒருவரை அடிமுட்டாள் என்று ஏசும்போது ஆங்கிலத்தில் இந்த அடைமொழியைப் பெயருக்கு முன்னால் வைப்பார்கள். அதே பொருளில் அதைப் பயனிலையாக வைக்க முடியாது. நான்காவது, வினையாக மாறி, படிவத்தில் காலியாக உள்ள இடங்களை நிரப்புவதைக் குறிப்பது. முதற்பொருளான ‘நிரப்பு’ இங்கே மட்டும் அப்படியே தங்கியிருக்கிறது.

பள்ளி அகராதிகள் இவை அனைத்துக்கும் ‘நிறைவான, முழுமையான, முடிவுற்ற’ என்று மூன்று சொற்களை வரிசையாகத் தந்து நிறுத்திக்கொள்கின்றன. எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதைப் பயில்பவரே ஊகிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குறை எல்லாத் தமிழ் நிலங்களுக்கும் பொதுவானதே. ஆனால் மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் அது வேறொரு கேள்வியாகவும் வளர்கிறது. அங்குள்ள தோட்டங்களிலும் பட்டணங்களிலும் தமிழர் அன்றாடம் மலாய், ஆங்கிலம், ஹொக்கியன் சீனம் ஆகியவற்றோடு பழகுகிறார்கள். இம்மொழிகள் ஒவ்வொன்றும் நிறைவுப் பொருளை ஒவ்வொரு விதமாகப் பங்கிடுகின்றன. அந்தப் பழக்கத்தில் தமிழின் பங்கீடு மாறியதா, சொற்கள் மட்டும் வந்து சேர்ந்தனவா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

2. முற்றும் எச்சமும்

தமிழ் இலக்கண மரபு நிறைவு, குறைவு என்னும் எதிர்நிலையைத் தன் கலைச்சொற்களின் அடித்தளமாகவே வைத்திருக்கிறது. வாக்கியத்தை முடித்துவைக்கும் வினை முற்று. முடிக்காமல் இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பது எச்சம். ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் எட்டுப் பொருள்களில் எச்சமும் உண்டு, முற்றும் உண்டு. ‘பத்துப் பேரும் வந்தார்கள்’ என்னும்போது எவரும் விடுபடவில்லை என்பதை அந்த ‘உம்’ உறுதிசெய்கிறது. ஆங்கிலம் தனி அடைமொழி கொண்டு சொல்வதை, இங்கே ஓரசை இடைச்சொல் ஒன்றே சொல்லிவிடுகிறது.

‘முற்று’ என்பதன் வேர்ப்பொருளும் கவனிக்கத்தக்கது. காய் முற்றுகிறது, தேங்காய் முற்றிவிட்டது, நோய் முற்றுகிறது. வளர்ச்சி தன் எல்லையை அடைவதே இங்கெல்லாம் பொருள். ‘முடி’ என்பதோ செயல் நின்றுபோவதைச் சொல்வது. ‘தீர்’ கையிருப்பு இல்லாமற்போவதைச் சொல்வது. அரிசி தீரும், கடன் தீரும், கணக்குத் தீரும், பிணக்கும் தீரும். அரிசி ‘முடிந்தது’ என்பதும் வழக்கில் இருக்கிறது. ஆனால் கடன் ‘முற்றியது’ என்றால் பொருள் தலைகீழாகிவிடும். ‘நிறை’ அளவு எட்டுவது. ‘முழு’ துண்டுபடாமல் இருப்பது. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியிருப்பதைத் தமிழ் ஐந்து அடிச்சொற்களிடம் பகிர்ந்து கொடுத்திருக்கிறது.

இவற்றுள் ‘முடி’க்கு மட்டும் இன்னொரு பொருளும் சேர்ந்தது. ‘முடியும்’ என்றால் இயலும். இந்த இரட்டைப் பொருளால் விளையும் நுட்பமான வேறுபாட்டை ரப்பர் தோட்டத்துப் பேச்சில் தெளிவாகக் காணலாம். ‘வெட்டு முடியல’ என்றால் பால்வெட்டும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ‘வெட்ட முடியல’ என்றால் வெட்டவே இயலவில்லை: மழையாக இருக்கலாம், உடம்பு சுகமில்லாமல் இருக்கலாம். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஓர் உயிரொலி மட்டுமே. தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் அதைச் சொல்பவருக்கு அன்றைய கூலி அந்த ஒலியில் நிற்கிறது. மலாயில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. இயலுதலுக்கு ‘போலே’, முடிதலுக்குத் தனியே ‘ஹாபிஸ்’, ‘செலெசை’ என்று அது பிரித்துவைத்திருக்கிறது.

பேச்சுத் தமிழில் நிறைவைக் காட்டும் துணைவினைகளுள் முதன்மையானவை இரண்டு: ‘விடு’, ‘ஆயிற்று’. ‘வந்துவிட்டான்’ என்பது ‘வந்துட்டான்’ ஆகவும், ‘சாப்பிட்டாயிற்று’ என்பது ‘சாப்பிட்டாச்சு’ ஆகவும் சுருங்கின. ‘விடு’வின் பொருள் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1999-ல் வெளியான பேச்சுத் தமிழ் இலக்கணத்தில் ஹெரால்ட் ஷிஃப்மன் அதை முதன்மையாகச் செயல்நிறைவின் அடையாளமாகக் கொள்கிறார். 1985-ல் வெளியான தம் நூலில் இ. அண்ணாமலை இத்தகைய துணைவினைகளில் பேசுபவரின் மனப்பாங்குக்கு அதிக இடம் தருகிறார். ‘தட்டு உடைஞ்சிருச்சு’ என்பதில் உடைந்து முடிந்தது என்ற செய்தியைவிட ‘ஐயோ’ என்ற உணர்வே மேலோங்கி நிற்பதை எண்ணினால் அண்ணாமலையின் பார்வைக்கு வலு கூடுகிறது.

‘ஆச்சு’ பற்றி இத்தகைய விவாதம் குறைவு. அது திணை, பால், எண், இடம் எதையும் ஏற்பதில்லை. நான் சாப்பிட்டாச்சு, நீ சாப்பிட்டாச்சா, அவுங்க சாப்பிட்டாச்சு என எங்கும் ஒரே வடிவம். எதிர்காலத்துக்கும் அது வருவதில்லை. ‘நாளைக்கு முடிச்சுடுவேன்’ என்று ‘விடு’வைக் கொண்டு சொல்லலாம்; ‘ஆச்சு’வைக் கொண்டு சொல்ல வழியில்லை. அதன் உடன்பிறப்பான ‘செய்தாக வேண்டும்’ என்னும் தொடரே எதிர்காலக் கடமையை ஏற்றுக்கொண்டது. எதிர்பார்த்த ஒன்று கைகூடிவிட்டது, இனி அதைப் பற்றிய கவலை இல்லை: ‘ஆச்சு’ தரும் பொருள் இதுதான். மலாக்காவைப் பற்றிப் பேசும்போது இந்தச் சிறு துணைவினைதான் மையமாகிறது.

3. தோட்டத்தில் வேலை எப்போது முடிகிறது

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் மலாக்காவில் உருவானது. 1896-ல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெரிய அளவில் விரிவுபடுத்தினார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் மூலமாகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உடலுழைப்பாளர்களை உதவித்தொகை கொடுத்து வெளிநாடு அனுப்புவதை 1938-ல் இந்திய அரசு தடைசெய்யும் வரை அந்த வரவு நீடித்தது. இந்த வட்டாரங்களின் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் ‘தோட்டம்’ என்பதற்கான ‘லாடாங்’ என்ற மலாய்ச்சொல் இன்றும் ஒட்டியிருப்பது அந்த வரலாற்றின் தடம்.

பால்வெட்டு விடியுமுன் தொடங்கும். குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெட்டுபவர் நிரை நிரையாக மரங்களுக்குச் சென்று, பட்டையை மெல்லச் சீவி, பால் வடியும் கிண்ணமான மங்கைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார். கடைசி மரத்தை எட்டும்போது ‘வெட்டியாச்சு’. ஆனால் வேலை முடியவில்லை. பால் சொட்டி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். இந்த இடைவேளையில்தான் பசியாறுவது. பிறகு வாளியோடு அதே மரங்களை மறுபடி சுற்றி மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்தால் ‘பால் எடுத்தாச்சு’. ஸ்டோருக்குக் கொண்டுபோய், நிறுத்து, எழுத்தரான கிராணி எழுதிக்கொண்டால் ‘நிறுத்தாச்சு’. மறுநாள் காலை மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலும், வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலும் நேற்றைய வேலையின் எச்சமாகக் காத்திருக்கும்.

இந்த ஒழுங்கில் எந்தக் கட்டத்தை ஆங்கிலத்தின் ‘கம்ப்ளீட்’ குறிக்கும்? நிருவாகத்தின் பார்வையில் எடை எழுதப்பட்ட கணமே அது. உழைப்பவர் பேச்சிலோ ஒவ்வொரு கட்டமும் தனித்தனி ‘ஆச்சு’. ஒன்று கைகூடியதும் அடுத்தது தொடங்குகிறது. ‘ஆச்சு’ வேலையின் முடிவைக் குறிப்பதில்லை, எதிர்பார்த்த நிலை வந்து சேர்வதைக் குறிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ‘மணி பத்தாச்சு’, ‘இருட்டியாச்சு’ என்பவற்றிலும் எதுவும் முடியவில்லை; ஒரு நிலை வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவே.

எது முழு வேலை என்பதை யார் தீர்மானிக்கிறார் என்ற கேள்வி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் வெளிப்படையாக எழுந்தது. அங்கே வருகைப்பதிவுக்கு ‘பேர்’ என்று பெயர். நிர்ணயித்த அளவு கொழுந்து பறிக்காதவர்களுக்கு ‘அரைப்பேர்’ போடுவது மலையகத் தொழிலாளர்களின் நீண்டகால மனக்குறை. காலையிலிருந்து மலையில் நின்றவருக்கு நாள் முழு நாளாகவே கழிந்திருக்கிறது. பதிவேட்டில் அது பாதி. ‘முழு’ என்ற அடைமொழி இங்கே அளவைச் சொல்லவில்லை, அதிகாரத்தைச் சொல்கிறது. மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகளை ‘முழு உதவி பெறுபவை’, ‘பகுதி உதவி பெறுபவை’ என்று பிரிக்கும்போதும் இப்படித்தான். தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளி பெரும்பாலும் பகுதி உதவிப் பள்ளியாகவே இருந்துவந்தது. கூரை ஒழுகினால் யார் செப்பனிடுவது என்பது அந்த ஒரு சொல்லைப் பொறுத்தது.

4. பட்டணத்தில் ஐந்து மொழிகள்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகத் தோமே பீரிஸ் என்ற போர்த்துக்கீசியர் எழுதிவைத்தார். 1511-ல் போர்த்துக்கீசியர், 1641-ல் டச்சுக்காரர், 1824 உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின. மொழிகளின் கலப்பு நிற்கவில்லை. தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகள் காஜா பெராங் பகுதியில் வாழ்கிறார்கள். இவர்கள் சைவர்கள், 1781-ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இவர்களுடையது. வீட்டுமொழியோ ஒரு வகைக் கலப்பு மலாய். உஜோங் பாசிரில் வாழும் போர்த்துக்கீசிய வழியினர் பேசுவது கிறிஸ்தாங். பட்டணச் சீனரிடையே ஹொக்கியன் வேரூன்றியது. தோட்டங்களிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிற்காலத்தில் வந்த தமிழரின் மொழி தமிழாகவே நின்றது. எல்லோருக்கும் பொதுவாக மலாயும் ஆங்கிலமும்.

இம்மொழிகளில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கும் விதத்தை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மலாயில் ‘சுடா மாக்கான்?’. கிறிஸ்தாங்கில் ‘ஜா குமி?’. ஹொக்கியனில் ‘சியா பா பொய்?’, அதில் ‘பா’ என்பது வயிறு நிறைந்ததைச் சொல்வது, ‘பொய்’ இன்னும் இல்லையா என்று கேட்பது. மலேசியத் தமிழில் ‘பசியாறியாச்சா அண்ணே?’. நலம் விசாரிப்பு அத்தனையும் நிறைவுச்சொல்லின் மீதே நிற்கிறது. மறுமொழியிலும் அதே ஒழுங்கு. மலாய் ‘பெலும்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறது, கிறிஸ்தாங் ‘நெனாங்’ என்கிறது, தமிழர் ‘இன்னும் இல்ல’ என்கிறார்கள். வெறும் மறுப்பு அல்ல இது. நடக்கவிருப்பது, இன்னும் நடக்கவில்லை என்னும் செய்தி.

இத்தகைய நிறைவுக்குறிகள் தென்கிழக்காசிய மொழிகளில் பரவலாக இருப்பதை மொழியியலாளர் அண்மையில் தனி வகையாகக் கண்டார்கள். ஓஸ்டன் டால் அதற்கு வைத்த கலைச்சொல் இலத்தீனின் ‘இயாம்’ என்னும் சொல்லிலிருந்து ஆக்கப்பட்டது. அந்த ‘இயாம்’தான் போர்த்துக்கீசிய மொழியில் ‘ஜா’ ஆகி, உஜோங் பாசிர் வீடுகளில் இன்றும் ஒலிக்கிறது. கிறிஸ்தாங் இலக்கணத்தை 1988-ல் நூலாக வெளியிட்ட ஆலன் பாக்ஸ்டர் அதை நிறைவுக்குறியாக விவரித்திருக்கிறார். போர்த்துக்கீசிய மொழியில் ‘ஜா’ ‘ஏற்கெனவே’ என்னும் வினையடை. மலாக்காவுக்கு வந்த பிறகு வினைக்கு முன்னால் நின்று காலத்தையும் நோக்கையும் தாங்கும் இலக்கணக்குறியாக அது மாறிவிட்டது. பக்கத்தில் ‘சுடா’ அதே இடத்தில் அதே வேலையைச் செய்வதைப் பார்க்கும்போது, இந்த மாற்றத்தில் மலாயின் கை இருந்திருக்கும் என்று கருதுவது பொருத்தமே.

மலேசிய, சிங்கப்பூர் ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கடைசியில் வரும் ‘ஆல்ரெடி’ இதே குடும்பம். பாவோ ஜிமிங் 1995-லும் 2005-லும் எழுதிய கட்டுரைகளில் அதன் பொருள்முறை சீனத்தின் நிறைவுக்குறியிலிருந்து வந்தது என்று விரிவாக வாதிட்டார். சொல் நிற்கும் இடம் அவர் வாதத்துக்குத் துணைசெய்கிறது. ‘சுடா’வும் ‘ஜா’வும் வினைக்கு முன்னால் வருபவை, சீனக்குறி பின்னால் வருவது, ‘ஆல்ரெடி’யும் பின்னால். ஆனால் இடத்தை மட்டும் அளவுகோலாக்கினால் தமிழையும் விலக்க முடியாது. ‘ஆச்சு’ வருவதும் கடைசியில்தான். காலனிய ஆட்சியில் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் ஆங்கிலப் பள்ளி ஆசிரியர்களாகவும் அலுவலக எழுத்தர்களாகவும் கணிசமாக இருந்தார்கள். பேசுவோர் தொகையில் சீனத்தின் பங்கு பெரியது என்பதை ஏற்றுக்கொண்டும், தமிழ் அந்த வழக்கை ஊக்கியிருக்கலாம் என்ற வாய்ப்பை ஆய்வுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் போவது சரியல்ல. பல மொழிகள் ஒரே திசையில் இழுக்கும்போது ஒன்றை மட்டும் மூலம் என்று காட்டுவது மலாக்கா போன்ற ஊருக்குப் பொருந்தாத முறை.

மறுபக்கம், தமிழின் ‘ஆச்சு’ மலாயிடமிருந்து வந்தது என்று எவரேனும் கருதினால் அதற்கு இடமே இல்லை. தஞ்சாவூரிலும் மதுரையிலும் அதே வடிவம் அதே பொருளில் வழங்குகிறது. கடல் கடக்கும்போதே அது தமிழரோடு வந்திருக்கிறது. மலாக்காவில் எல்லாப் பக்கமும் இதே அமைப்பு இருந்ததால் அது தேயாமல் நிலைத்தது என்பது வரை சொல்லலாம்.

5. ஒரு வேர், இரு கரைகள்

ஒலியை மட்டும் கேட்டால் ‘சுடா’ தமிழுக்குத் தொடர்பற்ற சொல்லாகத் தோன்றும். அது வடமொழியின் ‘சுத்த’ என்பதிலிருந்து வந்தது என்பதே அறிஞரிடையே பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. தூய்மை என்ற பொருள், முற்றாகத் தீர்ந்தது என்ற பொருளாக விரிந்து, மலாயில் ‘ஆயிற்று’ என்னும் இலக்கணக்குறியாக முடிந்தது. தமிழும் அதே சொல்லை அதே திசையில்தான் நகர்த்தியிருக்கிறது. ‘சுத்தமா மறந்துட்டேன்’, ‘கையில காசு சுத்தமா இல்ல’, ‘சுத்தப் பொய்’ என்பவற்றில் தூய்மை எதுவும் இல்லை. முழுமை மட்டுமே இருக்கிறது. மலாய் இலக்கணக்குறியாக்கிய சொல்லைத் தமிழ் மிகுதி காட்டும் அடைமொழியாக வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தின் ‘கம்ப்ளீட்’ மூன்றாவதாகச் செய்யும் வேலையைத் தமிழில் செய்வது இதுவே.

‘பூர்த்தி’, ‘பூரணம்’ ஆகியவற்றின் உறவு இன்னும் நெருக்கமானது. வடமொழியின் ‘பூர்ண’வும் இலத்தீனின் ‘பிளேரே’யும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் ஒரே வேரில் பிறந்தவை. அந்த வடசொல் ‘சம்பூர்ண’ என்ற வடிவில் மலாய்க்குப் போய் ‘செம்பூர்ணா’ ஆனது. நிறைமதிக்கு மலாயில் ‘பூர்ணாமா’. மாசி மகத்தன்று செங் என்னும் ஊரிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு மலாக்காப் பட்டணத்திலிருந்து முருகனின் தேர் செல்லும்போது வானில் தெரிவது பெரும்பாலும் முழுநிலவு. அதைத் தமிழர் பௌர்ணமி என்றாலும், மலாய்க்காரர் ‘பூர்ணாமா’ என்றாலும், ஆங்கிலத்தில் ‘ஃபுல் மூன்’ என்றாலும் மூன்றிலும் இருப்பது அந்த ஒரே வேர்தான். கம்ப்ளீட்டுக்குப் பதில் ‘பூர்த்தி’ என்று எழுதும் தமிழர் தொலைதூர உறவுக்காரச் சொல் ஒன்றைத்தான் எடுத்து எழுதுகிறார்.

தமிழின் தாக்கத்தால் மலாயின் நிறைவுச்சொற்கள் உண்மையாகவே உருமாறிய இடம் இலங்கை. டச்சுக்காரர் ஆட்சியில் தென்கிழக்காசியத் தீவுக்கூட்டங்களிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் மலாய், பல தலைமுறைகளாகத் தமிழோடும் சிங்களத்தோடும் உறவாடித் தன் அமைப்பையே மாற்றிக்கொண்டது. மலைநாட்டு இலங்கை மலாயின் இலக்கணத்தை செபாஸ்டியன் நோர்டாஃப் 2009-ல் விரிவாக எழுதினார். ‘சுடா’ அங்கே இறந்தகாலம் காட்டும் ‘சு’ என்னும் முன்னொட்டாகக் குறுகியது. ‘தீர்ந்தது’ என்னும் பொருளுள்ள ‘ஹாபிஸ்’ தமிழின் ‘சாப்பிட்டு’, ‘போய்’ போன்ற வினையெச்சங்களுக்கு நிகரான வடிவத்தை ஆக்கும் முன்னொட்டாகிவிட்டது. முற்றைக் குறித்த சொல் எச்சத்தின் உறுப்பானது.

மலாக்காச் செட்டிகளிடம் இது நேரவில்லை. அவர்கள் தமிழை விட்டு மலாயை ஏற்றபோது மலாயின் சொல்லொழுங்கையும் சேர்த்தே ஏற்றார்கள். உறவுப்பெயர்களிலும் சடங்குச் சொற்களிலும் தமிழ் தங்கியது; வினையின் நிறைவைக் காட்டும் இடத்தில் தங்கவில்லை. ஒரே இரு மொழிகள் சந்தித்தும் இலங்கையில் ஒரு விளைவு, மலாக்காவில் வேறொரு விளைவு. சுற்றிலும் பெரும்பான்மையினர் எந்த மொழி பேசினார்கள் என்பதே இந்த வேறுபாட்டுக்குத் தலையாய காரணமாக இருக்க வேண்டும்.

6. கடன்சொல் நுழையும் வாசல்

தோட்டத் தமிழரும் பட்டணத் தமிழரும் மலாய்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் தாராளமாகக் கலந்து பேசுகிறார்கள். மலேசியத் தமிழ்ப் பேச்சை முறையாக ஆராய்ந்த தொடக்க நூல்களுள் ஒன்று, 1966-ல் வெளிவந்த இராம சுப்பையாவின் கீழ்ப்பேராக் வட்டாரச் சொல்லாய்வு. சொற்களைத் திரட்டுவதே அத்தகைய ஆய்வுகளின் நோக்கம். அதனால் எத்தனை சொற்கள் கலந்தன என்று கேட்கும் வழக்கம் வந்தது. அவை எந்த வாசல் வழியாக நுழைந்தன என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

அந்த வாசல் ‘ஆ’, ‘பண்ணு’ என்னும் இரண்டு வினைகள். கம்ப்ளீட் ஆச்சு, கம்ப்ளீட் பண்ணு. ‘முடிந்தது, தயார்’ என்று பொருள்படும் மலாய்ச் ‘சியாப்’ வந்தால், சியாப் ஆச்சு, சியாப் பண்ணு. பிறமொழிச் சொல் பெயராகவோ அடையாகவோ வந்து நிற்கிறது. காலமும் இடமும் நோக்கும் அதற்குப் பின்வரும் தமிழ் வினையில் இருக்கின்றன. ‘சுடா’வின் கதி இதைத் தெளிவாக்குகிறது. ‘சியாப்’, ‘ஹாபிஸ்’ போன்றவை தமிழ் வாக்கியத்தில் எளிதாக அமரும், ‘சுடா’ அமராது. ‘சுடா சாப்பிட்டேன்’ என்று தமிழர் சொல்வதில்லை. அந்த இலக்கணக்குறியின் இடத்தில் ஏற்கெனவே ‘ஆச்சு’ அமர்ந்திருக்கிறது. சொற்பொருள் உள்ள கடன்சொற்கள் வந்தன, இலக்கணக்குறி வரவில்லை. முதற்பகுதியில் எழுப்பிய கேள்விக்குக் கிடைக்கும் விடை இதுவே: மலாக்காத் தமிழின் நிறைவுப் பங்கீடு கலையவில்லை.

‘சியாப்’ நிலைபெற்றதற்குத் தனிக் காரணமும் உண்டு. அது செய்து முடித்தலையும் ஆயத்தமாக இருத்தலையும் சேர்த்தே குறிக்கிறது. தமிழில் முன்னதற்கு ‘முடிந்தது’, பின்னதற்கு ‘தயார்’. தைக்கக் கொடுத்த துணி தைத்து முடிந்து, எடுத்துப்போகலாம் என்ற நிலையில் இருப்பதை ஒரே சொல்லில் சொல்லத் தமிழில் வழி குறைவு. அந்த இடைவெளியில் ‘சியாப்’ பொருந்திக்கொண்டது. பேச்சில் ‘கம்ப்ளீட்’ மிகுதியாக வருவதோ வினையடையாகத்தான்: ‘கம்ப்ளீட்டா மறந்துட்டேன்’. அங்கே அது ‘சுத்தமா’வோடு போட்டியிடுகிறது. இந்தப் போட்டியில் தமிழுக்கு எந்தத் தேவையும் நிறைவேறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ‘சுத்தமா’, ‘அடியோட’, ‘முழுசா’ என்று வளமான வரிசை ஏற்கெனவே இருக்கிறது.

7. படிவம், வயது, வகுப்பறை

எழுத்துத் தமிழில் சிக்கல் வேறு வகையானது. மலேசியத் தமிழ் அறிவிப்புகளும் படிவங்களும் பெரும்பாலும் மலாய் மூலத்திலிருந்தோ ஆங்கில மூலத்திலிருந்தோ உருவாகின்றன. மலாய் தன் சொற்களைக் கவனமாகப் பிரிக்கிறது. உறுப்பு விடுபடாத ஆவணம் ‘லெங்காப்’. கட்டி முடித்த வீடு ‘சியாப்’. தீர்த்துவைத்த வழக்கு ‘செலெசை’. முடிந்த படிப்பு ‘தாமாட்’. எட்டிய வயது ‘கெனாப்’. ஆங்கிலம் இவற்றுள் பலவற்றுக்கு ‘கம்ப்ளீட்’ என்னும். ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வரும்போது ஐந்தும் ‘பூர்த்தி’ ஆகிவிடுகின்றன. வீடு பூர்த்தி, வழக்குப் பூர்த்தி, படிப்புப் பூர்த்தி என்று எழுதுவதில் பிழை என்று சுட்ட எதுவும் இல்லை. ஆனால் வீடு கட்டி முடியும், வழக்குத் தீரும், படிப்பு முடியும், வயது நிரம்பும் என்று பேசும் மக்களுக்கு அந்த எழுத்து அந்நியமாகவே நிற்கிறது. நேராக மலாயிலிருந்து பெயர்ப்பது இந்த இடத்தில் தமிழுக்கு நன்மை தரும். ‘கெனாப்’புக்கு எதிரே ‘நிரம்பிய’ என்ற சொல் இயல்பாகவே வந்து நிற்கும்.

வயதைக் கணக்கிடுவதில் இந்த வேறுபாடு நடைமுறையில் பொருட்படுத்த வேண்டியதாகிறது. தமிழ் வீடுகளில் ‘பன்னெண்டு முடிஞ்சு பதிமூணு நடக்குது’ என்று சொல்வார்கள். முடிந்த ஆண்டும் நடக்கும் ஆண்டும் இரண்டும் சொல்லப்படுகின்றன. மலேசியாவில் அடையாள அட்டை பெறும் வயது 12. வாக்களிக்கும் வயது 2019-ல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தத்தால் 21-லிருந்து 18 ஆகி, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் கணக்கு நிரம்பிய வயது. ‘18 வயதில்’ என்று மட்டும் எழுதினால் பதினெட்டு நடப்பவரும் தம்மையே குறிப்பதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. ‘18 வயது நிரம்பியவர்’ என்ற தொடரில் அந்த மயக்கம் இல்லை.

வகுப்பறையில் ‘ஆச்சு’ கொச்சை என்று ஒதுக்கப்படுகிறது. கட்டுரையில் மாணவர் ‘வேலை முடிஞ்சாச்சு’ என்று எழுதினால் அது ‘முடிந்தது’ என்று திருத்தப்படும். எழுத்துநடைக்கு அந்தத் திருத்தம் வேண்டியதுதான். ஆனால் திருத்தும்போது பொருளின் ஒரு பகுதி உதிர்ந்துவிடுகிறது: எதிர்பார்ப்பு நிறைவேறிய செய்தி ‘முடிந்தது’ என்பதில் இல்லை. அதைக் காக்கும் எழுத்து வடிவம் ‘முடிந்தாயிற்று’ அல்லது ‘முடிந்துவிட்டது’. இரண்டும் இலக்கணத் தூய்மை உடையவை. பேச்சு வடிவத்திலிருந்து இவ்விரண்டுக்கும் வழிகாட்டும் ஆசிரியர், மாணவரின் வீட்டுமொழியைக் குறை சொல்லாமலேயே எழுத்துத் தமிழைக் கற்றுத்தர முடியும். ‘விட்டது’, ‘ஆயிற்று’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை குழந்தைகள் தம் பேச்சில் இயல்பாகவே கையாளுகிறார்கள். பாடநூல் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினாலே போதும். பால்வெட்டின் கட்டங்களைச் சொல்லும் தோட்டத்துப் பேச்சையே அதற்கு எடுத்துக்காட்டாக வைக்கலாம்.